சாட்சியில் நான் சொல்லாத பெயர்

1

போன கிறிஸ்மஸுக்கு நம் ஊர்ச் சபை இதழில் கர்த்தர் செய்த நன்மையைப் பற்றி வந்த என் சாட்சியை உங்களில் பலர் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு மூன்று பேர் எனக்குக் கடிதம் போட்டிருந்தீர்கள். மேலத்தெரு சித்தி, அசனப் பண்டிகைக் கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு எல்லாரும் கண் கலங்கியதாக எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை நான் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது எழுதுவது அந்தச் சாட்சிக்குத் திருத்தம். அதைப் போட்ட இடத்திலேயே இதையும் போடும்படி இதழ் ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன்.

இதழ் மலேசியாவில் எனக்குத் தபாலில் வந்து சேரப் பிப்ரவரி ஆகிவிட்டது. என் மகள் ஜெசிக்கு எட்டு வயது. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ் எழுத்தைக் கூட்டித்தான் படிப்பாள். எண்ணச் சொன்னால் பாதியில் மலாய்க்குப் போய்விடுவாள். அம்மா பெயர் அச்சில் வந்திருக்கிறது என்ற பெருமையில் நான்தான் அவளை உரக்கப் படிக்கச் சொன்னேன். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். அவள் விரலை வைத்து வைத்துப் படித்தாள். "உற்றாரும் இல்லை, அண்டை அயலாரும் இல்லை, அந்நிய தேசத்தில் ஒரு மனுஷருடைய துணையும் இன்றி நின்றேன்" என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"தாப்பி அம்மா, அப்ப பெரியம்மா எங்க போயிருந்தாங்க?"

தாப்பி என்றால் இங்கே 'ஆனால்'. வீட்டில் தமிழில் பேசு என்று அவளை அதட்டினேன். வீட்டுப்பாடம் எழுதப் போ என்று விரட்டினேன். அவள் போய்விட்டாள். வெங்காயம் அரிந்த கையோடு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

2

அவள் பெரியம்மா என்று சொன்னது அஞ்சலையக்காவை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அப்போது அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர்தான். அங்கே இருமினால் இங்கே கேட்கும்.

நான் கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. ஈஜோக் சாலையிலிருந்து உள்ளே நாலு மைல், இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரம். என் வீட்டுக்காரர் செல்வராஜ் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா நம் பக்கத்துக்காரர் என்பதால்தான் சம்பந்தம் கூடிவந்தது. செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரிக்கு அவர் டிரைவர். மலேசியா மாப்பிள்ளை என்று ஊரில் நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. வந்து பார்த்தபோது இரண்டு அறை, தகரக் கூரை, லயத்துக்கு ஒரு பொதுக்குழாய். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது வேறு. லயத்தில் இருபது குடும்பம். நாங்கள் மட்டும்தான் கிறிஸ்தவர்கள்.

நான் உபதேசியார் மகள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நெற்றியில் திருநீறு பட்டதில்லை. அஞ்சலையக்கா நெற்றி நிறையப் பூசியிருப்பார்கள். அடுப்பு மேடைக்கு மேலே காளி படம். புருஷன் இறந்து, ஒரு மகனை வைத்துக்கொண்டு, செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிப் பிழைத்தார்கள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது முதல் ஆளாக நிற்பார்கள். வந்த புதிதில் எனக்குக் குழாயடியில் இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான். நான் நன்றி சொன்னேன், அதற்கு மேல் ஒட்டவில்லை.

முதல் வருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாது என்று பின்பக்கம் போய்க் கோழிகளுக்குப் போட்டேன். திரும்பினால் அஞ்சலையக்கா துணி காயப்போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். கோழிகள் கொத்துவதைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், உள்ளே போய்விட்டார்கள். அடுத்த வருஷம் அதே திருவிழாவுக்கு ஒரு கிண்ணத்தில் பொங்கலோடு வந்து வாசலிலேயே நின்றார்கள்.

"சாமிக்கு வெக்கிறதுக்கு முன்னாடியே ஒனக்குத் தனியா எடுத்து வெச்சிட்டேன், தங்கச்சி. இத நீ சாப்புடலாம்ல?"

சாப்பிட்டேன். அப்போதும் எனக்கு வெட்கமாக இல்லை. என் பக்திக்கு அவர்கள் மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

3

ஜெசிக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது என் வீட்டுக்காரர் ஓட்டிய லோரி கவிழ்ந்தது. இரண்டு நாள் மழை, செம்மண் பாதை வழுக்கி, பாரத்தோடு பெரிய வடிகாலில் சாய்ந்துவிட்டது. அவருக்கு இடுப்பெலும்பும் வலது காலும் நொறுங்கிவிட்டன. கிள்ளானில் பெரிய ஆஸ்பத்திரியில் நாலரை மாதம் இருந்தார். இதெல்லாம் என் சாட்சியில் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

அதில் எழுதாதது இது. வேலை மேற்பார்க்கும் மண்டோர் ஓடிவந்து சேதி சொன்னபோது என் கையிலிருந்து பிள்ளையை வாங்கியது அஞ்சலையக்கா. அந்த நாலரை மாதமும் நான் கிள்ளானுக்குப் பஸ் மாறி மாறிப் போய்வந்த நாளெல்லாம் ஜெசி அவர்கள் இடுப்பில்தான் இருந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டால் அழுது காய்ச்சல் வந்துவிடுகிறது என்று, நான் போகிற நாட்களில் அவர்கள் வேலைக்குப் போகவில்லை. சம்பளம் போகுமே என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பிள்ளைக்கு முதலில் 'அம்மா' என்று வாயில் வந்தது அவர்களைப் பார்த்துத்தான். அதை எனக்கு அவர்கள் சொல்லவில்லை. குழாயடியில் வேறொருத்தி சொன்னாள்.

இன்னொன்று. அந்த மாதங்களில்தான் நான் இந்த நாட்டில் தங்கியிருப்பதற்கான அனுமதி முடிந்தது. எப்போதும் என் வீட்டுக்காரர் கூட வந்து கையெழுத்துப் போட்டுப் புதுப்பிப்பார். அவரோ படுக்கையில் அசையாமல் கிடந்தார். நான் கோலாலம்பூர் குடிநுழைவு அலுவலகத்துக்குத் தனியாகப் போகக் கிளம்பினேன். மலாய் தெரியாமல் என்ன செய்வாய் என்று அஞ்சலையக்கா பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்கள். மூன்று பஸ். வரிசையில் நின்று நின்று கால் வீங்கிவிட்டது.

என் முறை வந்தபோது, அக்கா பிள்ளைக்குத் தண்ணீர் வாங்கப் போயிருந்தார்கள். முகப்பு மேசையில் இருந்த அதிகாரி நல்ல மனுஷர், நிதானமாகத்தான் கேட்டார். "ஸியாப்பா தாங்குங்?" எனக்குத் தெரிந்த மலாய், கடையில் அரிசி பருப்பு வாங்குகிற மலாய். தாங்குங் என்பது நம் 'தங்கு' போலக் காதில் விழுந்தது. எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்கிறார் என நினைத்து, "லாடாங்" என்றேன். தோட்டம் என்று அர்த்தம். அவர் சிரித்துவிட்டார். பக்கத்து முகப்புக்காரரிடம் சொல்ல, அவரும் சிரித்தார். மறுபடி அதையே கேட்டார். நான் மறுபடி லாடாங் என்றேன்.

பின்னால் வந்து நின்ற அஞ்சலையக்கா காதருகில் சொன்னார்கள். "ஒன்ன யாரு பொறுப்பா தாங்குறதுன்னு கேக்குறாரு." பிறகு எனக்கு முன்னால் வந்து, இந்த நாட்டுக் குடிமக்களுக்குக் கொடுக்கும் தன் நீல அடையாளக் கார்டை எடுத்து வைத்து, மலாயில் நான்தான் என்றார்கள். நீ இவளுக்கு என்ன உறவு என்று அவர் கேட்டார். காக்கா என்றார்கள். அக்கா. அவர் என் தாள்களில் பெயர் எஸ்தர் என்று இருப்பதைப் பார்த்தார், இவர்கள் நெற்றியைப் பார்த்தார். மறுபடி கேட்டார். மறுபடியும் காக்கா என்றார்கள். படிப்பறிவு இல்லாததால் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார்கள். எனக்கு ஏதாவது ஆனால் அவர்கள் பொறுப்பு என்ற தாளில் வைத்த ரேகை அது.

4

அமைதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் சாட்சியில் நீங்கள் எல்லாரும் மெச்சியது அந்தப் பகுதியைத்தான்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு மூன்று வாரம் நான் ஜெபிக்கவில்லை. உபதேசியார் மகளுக்கு வாயே திறக்கவில்லை. ஊரில் வீட்டு ஜெபம் மணி அடித்தாற்போல நடக்கும், நினைவிருக்கிறதா? அப்பா ஆரம்பிக்க, நாங்கள் முழங்காலில் தூங்கி வழிவோம். அந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருந்ததால்தானோ என்னவோ, ஒன்றுகூட உதவவில்லை. கோபமாகவும் இருந்தது. மற்ற டிரைவர்கள் கள்ளுக்கடையே கதியென்று கிடக்கிறார்கள், குடிக்காத மனுஷனுக்கு ஏன் இப்படி என்று.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். அஞ்சலையக்கா தன் வீட்டில் சூடம் கொளுத்திவிட்டு, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்களே ஏற்றினார்கள். என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னார்கள்.

"எங்க சாமிகிட்ட அவருக்காகச் சொல்லிட்டேன். ஒங்க சாமிகிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது. நீ சொல்லு தங்கச்சி. நான் சும்மா ஒக்காந்து கேக்குறேன்."

வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு ஆரம்பித்தேன். நாலைந்து வார்த்தைக்கு மேல் மனப்பாடம் வரவில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் என் சொந்தப் பேச்சு. எனக்குப் பயமாக இருக்கிறது, பிள்ளையோடு ஊருக்குத் திரும்பினால் யார் சோறு போடுவார்கள், அவர் நடக்காவிட்டாலும் பரவாயில்லை, சாகக் கூடாது. அப்படித்தான் பேசினேன். அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முடித்தபோது மனசுக்குள் ஏதோ தணிந்திருந்தது. எதுவும் மாறவில்லை, அவர் கிள்ளானில் அப்படியேதான் கிடந்தார். ஆனாலும் பயம் என் கழுத்தை விட்டிருந்தது. கர்த்தர் அந்த அறையில் இருந்தார் என்று சாட்சியில் எழுதினேன். அது பொய் இல்லை, இன்றைக்கும் அப்படியே நம்புகிறேன்.

'அந்த அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம்' என்று எழுதினேனே, அதுதான் பொய்.

5

என் வீட்டுக்காரர் கம்பூன்றி வீடு வந்து சேர்ந்தார். தோட்டத்தில் அவருக்கு எடை போடும் கொட்டகையில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். ஸ்தோத்திர ஆராதனைக்குப் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போனோம். அங்கே கடைவீட்டு மாடியில்தான் எங்கள் சின்னச் சபை கூடுகிறது. போதகர் ரவாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். மாடிப்படியில் என் வீட்டுக்காரரைத் தாங்கிப் பிடிக்க என் இரண்டு கையும் வேண்டும் என்பதால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அஞ்சலையக்காவும் வந்தார்கள். பெட்டியிலிருந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டியிருந்தார்கள். ஆலயம் என்பதால் அன்றைக்கு நெற்றியில் திருநீறு மெலிதாக இருந்ததைக் கவனித்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள்.

போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்றேன். ஊரில் சின்ன வயதிலிருந்து கேட்ட சாட்சிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் அல்லவா? மனுஷர் கைவிட்டார்கள், கர்த்தர் கைவிடவில்லை. அந்த வரிசையில் என் வாய் தானாகப் போனது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் உண்மை அதுவல்ல. உதிரிப்பழம் பொறுக்கும் ஒரு காளி பக்தை என்னைத் தாங்கினாள் என்று சொன்னால் என் சாட்சியின் மதிப்பு குறைந்துவிடும் என்று நான் ஒரு கணம் நினைத்தேன். நினைத்துத்தான் அவர்களைச் சொல்லாமல் விட்டேன். "ஒரு மனுஷருடைய துணையும் இல்லை" என்றேன். சபை ஸ்தோத்திரம் என்றது. கடைசி வரிசையில் ஜெசி அவர்கள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அஞ்சலையக்கா என்னிடம், "நல்லா பேசுன தங்கச்சி" என்றார்கள். அவர்களுக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் ஆறு வருஷம் ஓட்டினேன். போன வருஷம் அதையே இன்னும் கொஞ்சம் அழகாக எழுதி உங்களுக்கும் அனுப்பினேன்.

6

ஜெசி கேட்ட பிறகு இரண்டு வாரம் என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. முதலில் ஜெபத்தில் சொன்னேன். பிறகு போதகரிடம் சொன்னேன். அவர், அந்தம்மா மூலமாகக் கர்த்தர் உதவினார் என்று எடுத்துக்கொள்ளலாமே, இதைப் போய்ச் சபையில் கிளற வேண்டுமா என்றார். நான் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, அன்றைக்கு நான் சொன்னதில் பொய் இருந்தது என்று ஆரம்பித்து முழுதும் சொன்னேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. போதகர் அடுத்த பாட்டை அறிவித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாரம் இறங்கினாற்போல நான் பேசிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கம்பைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"சாமிகிட்ட சொல்லிட்ட. பாஸ்டர்கிட்ட சொல்லிட்ட. அவங்ககிட்ட சொன்னியா?"

அன்று மாலை ஜெசியைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கோழிகளுக்குப் போட்டதையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "அம்மா ஜாஹாட் லா" என்றாள். ஜாஹாட் என்றால் கெட்டவள். தமிழில் சொல் என்று அன்றைக்கு நான் அவளைத் திருத்தவில்லை.

7

அஞ்சலையக்கா இப்போது தோட்டத்தில் இல்லை. மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, இரண்டு வருஷமாகச் செரண்டாவில் வாடகை வீட்டில் அவனோடு இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை இதழைப் பையில் வைத்துக்கொண்டு ரவாங் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்துப் போனேன். மகன் வேலைக்குப் போயிருந்தான். அக்காவுக்கு முடி நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முதலில் ஜெசி எங்கே என்று பின்னால் பார்த்தார்கள். கூட்டிவராததற்குக் கோபித்துக்கொண்டார்கள்.

காப்பி குடித்து முடிக்கும்வரை என்னால் ஆரம்பிக்க முடியவில்லை. பிறகு இதழை எடுத்து, நான் எழுதியதை அவர்களுக்கு முழுதும் வாசித்தேன். அவர்கள் பெயர் எங்கும் இல்லாததை அவர்கள் கேட்க வேண்டும் என்று ஒரு வரியும் விடாமல் வாசித்தேன். முடித்துவிட்டு, இதில் நான் உங்களைச் சொல்லவில்லை அக்கா, அன்றைக்கு மாடியிலும் சொல்லவில்லை, உங்களுக்குப் புரிந்திருக்காது, இப்போது சொல்ல வந்தேன் என்றேன்.

"புரிஞ்சிச்சு" என்றார்கள்.

குவளைகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்று வைத்தார்கள்.

"தமிழ்லதானே பேசுன. எப்படிப் புரியாம போவும்? அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு எறங்கல. ஒங்க சாமி செஞ்சிச்சுன்னு நீ சொன்னது சரிதான், நல்லது யாரு செஞ்சாலும் சாமிதான். அது எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஆளே இல்லைன்னு சொன்னியே தங்கச்சி. நான் இருந்தேன்ல?"

"இருந்தீங்கக்கா" என்றேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கத்தான் போனேன், ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தபோது அதைக் கேட்டு வாங்குவதுகூட இன்னொரு உதவி கேட்பதுபோல இருந்தது. கேட்கவில்லை. அவர்களும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் நான் நன்றாகப் பேசியதாக ஏன் சொன்னீர்கள் என்று மட்டும் கேட்டேன். நடக்க முடியாத புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், அப்போது உன்னிடம் வேறு என்ன சொல்வது என்றார்கள்.

பிறகு எழுந்து அரிசி களைந்தார்கள். என் வீட்டுக்காரர் கால் மழைக்கு வலிக்கிறதா என்று விசாரித்தார்கள். நான் கருவாடு சுத்தம் செய்தேன். சாப்பிட்டோம். ஆறு வருஷமாக எங்களுக்குள் இருந்தது அப்போதும் இருந்தது. ஒரே வித்தியாசம், இப்போது அது இருப்பது இரண்டு பேருக்கும் தெரியும். கிளம்பும்போது பஸ் நிற்கும் இடம்வரை வந்தார்கள். அடுத்த தடவை தனியாக வராதே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். பஸ் வரும்முன்னே திரும்பி நடந்துவிட்டார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தலையில் முக்காடு போட்டுக்கொள்ளாமல், கண்ணை மூடாமல், வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தேன். கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. செய்தது இது, நான் இப்படிப்பட்டவள் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பழைய வெள்ளிக்கிழமை வந்த அமைதி போல இல்லை இது, கூடவே வெட்கமும் இருந்தது. ஆனாலும் வந்தது. வெட்கம் போன பிறகுதான் அமைதி வரும் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே இருக்கையில் என்னோடு ரவாங்வரை வந்தன.